பதினொரு பூ

தங்கையின் பல்லைப் பார்த்து வயிறெரிகிற அக்கா நான். போன வாரமே இதை ஒப்புக்கொண்டுவிட்டேன். "சே, இப்படியும் ஒருத்தியா!" என்று சிலர் முகத்தைச் சுளித்திருப்பீர்கள். சுளித்தால் சுளியுங்கள். கூடப்பிறந்தவர்கள் மேல் ஒரு நாள்கூடப் பொறாமைப்படாதவர்கள் யாராவது இருந்தால் எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினாலு வருஷமாக ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். நாற்காலிக்கு வலது பக்கம் டாக்டரம்மா, இடது பக்கம் நான். என் தங்கை மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இருபத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் பெயர் குட்டிதான். ஒன்றரை வருஷமாக எங்கள் டாக்டரம்மாவிடமே பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாள்.

எனக்கு முப்பத்தெட்டு. என் முன்பற்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். பதிமூன்று வயதில், பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் டாக்டர் கம்பி போடச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அம்மா அதை நாலாக மடித்து ரேடியோவுக்கு அடியில் வைத்தாள். "வளர வளரத் தானா சரியாயிடும்" என்றாள். நான் இன்னும் வளர்கிறேன் போலிருக்கிறது, சரியாகவில்லை. குட்டிக்குக் கீழ்வரிசையில் ஒரே ஒரு பல் லேசாகத் திரும்பியிருந்தது. கிட்டே குனிந்து பார்த்தால்தான் தெரியும். அதற்கு அம்மாவே அவள் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்து வந்தாள். அன்றைக்கு அவள் வாய்க்கு நேரே விளக்கைத் திருப்பிவைத்தவள் நான்.

இனி பூ விஷயம். கம்பி போட்டவர்களுக்கு அவ்வப்போது ஈறு அளப்போம். மொண்ணை ஊசி மாதிரி ஒரு அளவுகோல், அதில் கோடுகள். அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்ல விட்டு, எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல நான் அட்டையில் எழுதுவேன். மூன்றுவரை நல்லது. நாலு, அதற்கு மேல் என்றால் ஈறு பல்லை விட்டு விலகுகிறது. தொட்டதும் ரத்தம் கசிந்தால் அதையும் குறிக்க வேண்டும். ஆரம்பத்தில் டாக்டரம்மா "ரத்தம்" என்றுதான் சொல்லுவார். ஒருநாள் மலை மாதிரி ஒரு லாரி டிரைவர், நாலாவது ரத்தம் காதில் விழுந்ததும் நாற்காலியிலேயே மயங்கிவிட்டார். "பூன்னு வெச்சுக்கலாமே டாக்டர், யாரும் பயப்பட மாட்டாங்க" என்று யோசனை சொன்னது நான். அன்றிலிருந்து எங்கள் அறையில் ரத்தத்துக்குப் பெயர் பூ. அந்த இடத்தில் எனக்கென்று இருக்கிற பெருமை அந்த ஒரு வார்த்தைதான்.

ஆறு வாரத்துக்கு முன்னால் குட்டிக்கு ஈறு அளந்தோம். பதினொரு இடத்தில் பூ.

அளந்து முடிக்கும்போதே, விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "உன் தங்கச்சிக்கு நான் சொல்லணுமா? ஈறு வீங்குது, கம்பி ஓரமெல்லாம் அழுக்கு சேருதுன்னு நீயே விளக்கிச் சொல்லிடு. பல் இடுக்குல விட்டுத் தேய்க்கற இடுக்கு பிரஷ் ஒரு பாக்கெட் எடுத்துக் குடு" என்று ஓடினார்.

சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் குட்டி என் தோளில் இடித்தாள்.

"அக்கா, எனக்குப் பதினொரு பூ! எண்ணிக்கிட்டே இருந்தேன். எல்லாருக்கும் இவ்வளவு குடுப்பாங்களா?"

பாராட்டு என்று நினைத்துவிட்டாள்! பள்ளிக்கூடத்தில் நோட்டில் ஸ்டார் போடுவார்களே, அந்த மாதிரி. வாயில் ரத்தம் வந்தால்கூட அது தனக்குக் கிடைத்த பரிசு என்று நினைக்கிற ஜன்மத்தை என்ன சொல்வது? பிறந்ததிலிருந்து பரிசாகவே வாங்கிப் பழகியவள்.

"இல்லை" என்றேன். "எல்லாருக்கும் கிடைக்காது."

அவ்வளவுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மாவிடம் பீற்றிக்கொண்டாள். அம்மா என் பக்கம் திரும்பி, "உன் வாயை அளந்தா எத்தனைடி வரும்?" என்று சிரித்தாள். அதோடு இடுக்கு பிரஷ் பாக்கெட் என் கைப்பைக்குள்ளேயே தங்கிவிட்டது.

இதுவரைக்கும் போன வாரம் சொன்னது. இப்போது இந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்குக் காலை பதினொரு மணிக்குக் குட்டிக்கு மறுபடி ஈறு அளக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த மாதம் கம்பியைக் கழற்றிவிடலாம்.

காலை ஆறே முக்காலுக்குக் குளியலறைக் கதவு திறந்துதான் இருந்தது. குட்டி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதாவது! மேலே நாலு இழுப்பு, கீழே நாலு இழுப்பு, கொப்பளித்துத் துப்பினாள். தொட்டியில் விழுந்த நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. குழாயைத் திறந்து அதைக் கழுவிவிட்டு, கண்ணாடியில் ஈயென்று இளித்துப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளாகவே என்னிடம் கேட்டாள். அதை இத்தனை நாள் உங்களிடமிருந்தும் மறைத்துவிட்டேன், இப்போது சொல்கிறேன்.

"அக்கா, தேய்க்கும்போது கீழ முன்பல்லுகிட்ட லேசா ரத்தம் வருதே. ஏதாவது தப்பா?"

"கம்பி போட்டா அப்படித்தான் இருக்கும்."

"அப்ப அந்த இடத்தை விட்டுட்டுத் தேய்க்கட்டுமா?"

"ம்."

அந்த "ம்" இருக்கிறதே, அது ஒன்று போதும் என்னைத் தூக்கில் போட. ரத்தம் வருகிற இடத்தைத்தான் இன்னும் பொறுமையாகத் தேய்க்க வேண்டும், விட்டுவிட்டால் அழுக்கு மேலும் சேர்ந்து ஈறு மேலும் வீங்கும் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு வாய் ஓயாமல் சொல்கிறவள் நான். வீட்டில் எனக்கு வாய் வரவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை காலை அவள் கண்ணாடியில் இளித்தபோது கீழ் ஈறு தெரிந்தது. பல்லில் ஒட்டியிருக்கும் சின்ன உலோகப் பொட்டுகளின் பாதிவரை ஈறு ஏறியிருந்தது. பளபளவென்று, கருஞ்சிவப்பாக. விளையாட்டு எல்லை தாண்டிவிட்டது என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது.

நேரே அறைக்குப் போய்க் கைப்பையிலிருந்து பிரஷ் பாக்கெட்டை எடுத்தேன். கொடுத்துவிடுவது, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவோடு சமையலறைக்குள் நுழைந்தேன்.

அம்மா மிக்ஸியில் சூப் அரைத்துக்கொண்டிருந்தாள். கம்பி இறுக்குகிற நாளில் குட்டியால் மென்று சாப்பிட முடியாது என்று ஒன்றரை வருஷமாக இந்த உபசாரம் நடக்கிறது. நாற்காலி முதுகில் ஒரு நீலச் சட்டை தேய்த்துத் தொங்கியது.

"இது எதுக்கும்மா?"

"போட்டோவுக்கு. கம்பியைக் கழட்டினதும் உங்க டாக்டர் இவ போட்டோவைச் சுவத்துல மாட்டப் போறாங்களாமே. இன்னிக்கே போட்டுக் காமிச்சு நல்லா இருக்கான்னு கேட்டுட்டு வரட்டும்" என்றாள் அம்மா. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயும் பதினாலு வருஷமா அங்கதான் இருக்கே. உன் மூஞ்சியை ஒரு மூலையிலயாவது மாட்டினாங்களா?"

அம்மா கெட்டவள் இல்லை. மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவுமில்லை. சூப் மூடியைத் திறந்து உப்புப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆனால் எனக்குக் காதிலிருந்து புகை வந்தது. பாக்கெட் திரும்பக் கைப்பைக்குள் போய்விட்டது.

"எனக்கு நேரமாச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எங்கள் மருத்துவமனையின் வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்கப் படங்கள். கம்பி போடும்முன் ஒன்று, கழற்றியபின் ஒன்று என்று நாற்பத்திரண்டு ஜோடி. நாற்பத்திரண்டுக்கும் ஆணி அடித்தது என் கை. நட்ட நடுவில் ஒரு சட்டம் காலியாக இருக்கிறது. போன திங்கட்கிழமை டாக்டரம்மா, "நடுவுல மாட்டும்மா, குட்டி சிரிப்பு நடுவுலதான் இருக்கணும்" என்றார். மாட்டினேன். கோணலாக மாட்டினேன். அடுத்த நாள் அவரே வந்து நேராக்கிவிட்டுப் போனார்.

பதினொன்றுக்குக் குட்டி வந்தாள், நீலச் சட்டையோடு.

"வா செல்லம்!" என்றார் டாக்டரம்மா. பதினாலு வருஷத்தில் என்னை ஒரு தடவைகூட அவர் செல்லம் என்று கூப்பிட்டதில்லை. 'அந்தப் பஞ்சை எடு', 'இந்தக் குழாயைப் பிடி', 'அடுத்த ஆளை வரச் சொல்லு' என்பதோடு சரி. பொறாமைக்கு இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்காதீர்கள். பொறாமைக்கு எது கிடைத்தாலும் போதும்.

குட்டி நாற்காலியில் சாய்ந்தாள். நான் விளக்கைத் திருப்பினேன். அட்டையை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தேன். டாக்டரம்மா பின்பக்கப் பற்களிலிருந்து ஆரம்பித்தார்.

"மூணு. ரெண்டு. மூணு. மூணு, மூணு, நாலு, பூ."

குட்டி வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். இடது கையில் ஒரு விரலை மடக்கினாள்.

"நாலு, பூ. நாலு, பூ. மூணு, பூ."

இன்னும் மூன்று விரல்.

எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு எண்ணும் நண்டு ஊர்ந்த மாதிரி விழுந்தது. இரண்டு கை விரலும் தீர்ந்து அவள் மறுபடி முதல் விரலுக்கு வந்துவிட்டாள். பதினொன்றைத் தாண்டியதும் நீலச் சட்டைக்கு மேல் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

கீழ்வரிசை முன்பற்களுக்கு வந்தார். அந்தத் திரும்பிய பல். இப்போது நேராக, அழகாக நின்றது.

"அஞ்சு, பூ." டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது. "ஆறு... பூ. எழுதினியா? ஆறு."

"எழுதிட்டேன் டாக்டர்."

அளவுகோலை வைத்துவிட்டு, இரண்டு கருவிகளின் பின்பக்கத்தால் அந்தப் பல்லைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார். அசைந்தது. கம்பி போட்ட பல் கொஞ்சம் அசையும், அது வழக்கம்தான். இது அந்த வழக்கத்தை மீறிய அசைவு. எனக்கே தெரிந்தது.

நாற்காலியை நிமிர்த்தினார். குட்டி வாயைக் கொப்பளித்துவிட்டு, சிரித்த முகமாகக் கேட்டாள்.

"முப்பத்தி ஒண்ணா டாக்டர்? நடுவுல எண்ணிக்கை விட்டுப்போச்சு. போன தடவை பதினொண்ணுதான். இந்தத் தடவை நிறையக் குடுத்துட்டீங்க!"

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன குடுத்தேன்?"

"பூ!"

உறிஞ்சுகுழாய் இரைந்துகொண்டே இருந்தது. நான் அதை நிறுத்தக்கூட மறந்துவிட்டேன்.

"பூன்னா ரத்தம்மா" என்றார் டாக்டரம்மா. "ஈறைத் தொட்டதும் ரத்தம் கசியற இடம். போன தடவை பதினொரு இடத்துல வந்துது. இப்ப முப்பத்தி ஒண்ணு. அக்கா உனக்குச் சொல்லலையா?"

குட்டி என்னைப் பார்த்தாள்.

அவளுக்கு மறைக்கத் தெரியாது. மனசில் என்ன ஓடினாலும் முகத்தில் அப்படியே வரும். முதலில் புரியாமல் பார்த்தாள். அடுத்து அவளுக்குப் பஸ் ஞாபகம் வந்தது, குளியலறை ஞாபகம் வந்தது. எல்லாம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. இதோ சொல்லப் போகிறாள், இன்றோடு என் வேலைக்கும் மானத்துக்கும் முழுக்கு என்று காத்திருந்தேன்.

"சொன்னா டாக்டர்" என்றாள் குட்டி. "நான்தான் காதுல வாங்கலை."

"இடுக்கு பிரஷ் குடுத்தாளே, அதை உபயோகிக்கறியா?"

"வீட்டுல இருக்கு. சோம்பேறித்தனம்."

வாய் கூசாமல் பொய் சொன்னாள். அப்படி ஒரு பிரஷ் இருப்பதே அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். அப்படியும் சமாளித்தாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. அவர் திட்டுகிற ரகமில்லை, காட்டுகிற ரகம். அந்தப் பல்லின் ஓரத்திலிருந்து துளி அழுக்கை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். சுவர் டி.வி.யில் படம் வந்தது. புழு மாதிரி நெளிகிறவை, சுருள் சுருளாகத் துள்ளுகிறவை, கும்பலாக ஒரே பக்கம் ஓடுகிறவை. திருவிழாக் கூட்டம் தோற்றது போங்கள்.

"எல்லார் வாயிலும் கிருமி இருக்கும். பாதிக்கு மேல சாதுங்க, ஒரு தொந்தரவும் குடுக்காது. கம்பி போட்டா ஒட்டின பொட்டைச் சுத்தி, கம்பிக்கு அடியில, அழுக்கு தங்க நூறு இடம் கிடைச்சுடுது. அழுக்கு கெட்டியாக ஆக உள்ள காத்துப் போகாது. காத்தே வேண்டாத முரட்டு ரகமெல்லாம் அங்க குடியேறிடும். இதோ இந்தச் சுருளுங்க. ஈறு வீங்கும், ரத்தம் வரும், பல்லை விட்டு ஈறு விலகும். விலகின பள்ளத்துல இன்னும் இறங்கி உக்காந்துக்கும்."

"பல்லு போயிடுமா?" என்றாள் குட்டி.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். திரையில் பல்லின் இரண்டு பக்கமும் எலும்பின் விளிம்பைப் பேனா முனையால் காட்டினார். ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"இப்பவே சொல்ல முடியாது. இந்த ஆறுல பாதி வீக்கமா இருக்கலாம். வீக்கம் வடிஞ்சாதான் நிஜமான அளவு தெரியும். ஈறு பழையபடி ஆயிடும், அதுல எனக்குச் சந்தேகமில்லை. ஆனா எலும்பு இறங்கியிருந்தா அது தானா ஏறி வராது. வீங்கின ஈறோட பல்லை நகர்த்தினா இன்னும் இறங்கும். அதனால கீழ்க் கம்பியை இன்னிக்கே எடுத்துடறேன். நாலு வாரம் எதுவும் இறுக்கறதா இல்லை. வாரம் ஒரு தடவை ஆழமா சுத்தம் பண்ணணும். நாலாவது வாரம் அளந்து பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

"அப்ப அடுத்த மாசம் கழட்டறது...?"

"அதை இப்ப மறந்துடு செல்லம்."

குட்டி நீலச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். அழவில்லை.

டாக்டரம்மா அவள் முதுகைத் தட்டினார். "கவலைப்படாதே. சுத்தம் பண்றதுக்கு உன் அக்காவே இருக்கா. இவ கை மாதிரி வலிக்காத கை இந்த ஊர்லயே கிடையாது. இப்பவே ஆரம்பிச்சுடலாம்."

பதினாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு விழுந்த முதல் பாராட்டு. விழுந்த நேரத்தைப் பாருங்கள்! நான் புதுக் கையுறையை எடுத்துவிட்டேன். ஒரு கை மாட்டியும் ஆகிவிட்டது.

"அக்கா வேணாம் டாக்டர்" என்றாள் குட்டி.

என்னைப் பார்க்காமல், டி.வி. திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கடையில் 'இந்த பிரேம் வேணாம், வேற காட்டுங்க' என்று வாடிக்கையாளர்கள் சொல்வதைத் தினமும் கேட்கிறவள், அதே மாதிரி சொன்னாள்.

"ஏம்மா?"

"வேற யாராவது பண்ணட்டும்."

மூன்று மாதத்துக்கு முன்னால் சேர்ந்த புதுப்பெண்ணைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே வந்து நின்றேன். கதவுக்குப் பின்னால் சுத்தம் செய்கிற மெஷின் கிறீச்சென்று ஆரம்பித்தது. புதுப்பெண்ணுக்குக் கை பழகவில்லை. முனையைச் சரித்துப் பிடிக்கத் தெரியாமல் நேராகக் குத்துகிறாள் என்று சத்தத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. இரண்டு தடவை குட்டி "ஸ்ஸ்" என்றாள். என் கையில் ஒற்றைக் கையுறை. உள்ளே போய் அவளிடமிருந்து பிடுங்கி நான் செய்தால் வலிக்காது. போக முடியவில்லை. பிறந்ததிலிருந்து குட்டி என்னிடம் எதையெதையோ பறித்துக்கொண்டாள் என்று கணக்குப் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது அவள் வாய் எனக்குக் கிடைக்கவில்லையே என்று அந்தச் சின்னப் பெண்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றேன். வெட்கம் கெட்ட மனசு.

முக்கால் மணி நேரம் கழித்துக் குட்டி வெளியே வந்தாள். உதடு வீங்கியிருந்தது. என்னைத் தாண்டிப்போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். பத்தடி தூரத்தில் நான் நின்றது அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணும் இல்லம்மா. போட்டோ இப்ப இல்லை... நான்தான் சரியா தேய்க்கலை... அக்கா என்ன பண்ணுவா, அவ சொல்லிக்கிட்டேதான் இருந்தா... அவளை ஏம்மா திட்டறே? வை."

எனக்காக அவள் சொன்ன இரண்டாவது பொய். டாக்டரம்மாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று.

இதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும், இல்லையா? கதைகளில் உருகுவார்கள். ஓடிப்போய்த் தங்கையைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். எனக்கு என்ன வந்தது தெரியுமா? ஆத்திரம். பல்லில் ஜெயித்தாள், அம்மாவிடம் ஜெயித்தாள், சுவரின் நடுவில் இடம் பிடித்தாள். கடைசியில் நல்லவள் என்கிற பட்டமும் இவளுக்கா? நான் தவறு செய்து, இவள் மன்னித்து, அந்த மன்னிப்பின் நிழலில் நான் காலம் பூராவும் தலை குனிந்து நிற்க வேண்டுமா?

"உள்ள வா" என்று டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

அவர் அறையில் மேஜைமேல் இரண்டு அட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இன்றைய அட்டை, ஆறு வாரத்துக்கு முந்தைய அட்டை. பழைய அட்டையின் அடியில் ஒரு வரி அச்சடித்திருக்கும்: 'நோயாளியிடம் விளக்கிச் சொல்லப்பட்டது.' எதிரில் ஒரு கட்டம். கட்டத்தில் டிக். பக்கத்தில் என் சுருக்கொப்பம், முத்து முத்தாக.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா டாக்டர்."

"சொன்னேன்னு நீ டிக் போட்டிருக்கே. சொன்னான்னு உன் தங்கச்சியும் சொல்றா. ஆனா பூன்னா என்னன்னே தெரியாம எனக்குக் கட்டை விரலைக் காட்டினா." கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இது ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்னு எனக்குப் புரியலை. அவ மறந்திருப்பாளோ?"

தப்பிக்க வழியை அவரே திறந்து வைத்தார். "ஆமா டாக்டர், அவளுக்கு மறதி ஜாஸ்தி" என்று ஒரு வார்த்தை போதும். குட்டி காட்டிக்கொடுக்க மாட்டாள். என் வேலை என்னிடமே இருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

குட்டியின் புண்ணியத்தில் தப்பிப்பதா? மாட்டேன். நல்லவளாகிவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஒரு விஷயத்திலாவது அவள் ஜெயிக்கக்கூடாது என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அவ மறக்கலை. நான் சொல்லவே இல்லை டாக்டர்."

"மறந்துட்டியா?"

"இல்லை. வேணும்னே சொல்லலை. ரத்தம் வருதேன்னு அவளே வந்து கேட்டா. அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். அந்த இடத்தை விட்டுட்டுத் தேய்க்கட்டுமான்னு கேட்டா. சரின்னேன். பிரஷ் பாக்கெட் என் பையிலதான் இருக்கு."

டாக்டரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. சொல்லப்போனால் அவர் என்னை முழுசாகப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

"ஏம்மா?" என்றார். "சொந்தத் தங்கச்சிக்கு ஏம்மா இப்படிப் பண்ணினே?"

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்குப் பல்லைக் கடித்தால் மேலும் கீழும் பொருந்தாது, பதிமூன்று வயதிலிருந்து பொருந்தியதில்லை.

"பதினாலு வருஷமா உங்க பக்கத்துலயே நிக்கறேன் டாக்டர். வர்றவங்க போறவங்க எல்லார் வாயையும் நீங்க பார்த்தாச்சு. ஒரு நாள்... ஒரே ஒரு நாள், 'எங்க, உன் வாயைத் திற பார்க்கலாம்'னு நீங்க என்கிட்ட சொன்னதில்லையே."

அவர் இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு எழுந்து போய், வெளியே பெஞ்சில் இருக்கிற குட்டிக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்ததை அடுத்த வாரம் சொல்கிறேன்.